விளங்கினதோ, மரியதாஸ்?

எங்கள் ஆசிரிய கலாசாலையின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி, இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து எனக்குக் கைவந்ததெல்லாம் கரும்பலகைகளால்தான். அழிப்பதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுவேன். இத்தனை வருடம் வாசித்து அழித்ததில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

வந்த பிள்ளைகள் சொன்னார்கள், இப்போது பயிற்சி வகுப்பின் பின்சுவரில் ஒரு கமரா பூட்டியிருக்கிறதாம். பயிலுநர் பாடம் நடத்துவதை அது படம் பிடிக்குமாம். பிறகு விரிவுரையாளர்கள் அறையில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவார்களாம். அந்தச் சுவரோடு முன்பு ஒரு நீள மர வாங்கு கிடந்தது. அந்த வாங்கில் இருந்தவன் நான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

என் தகப்பன் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். அவர் செத்ததோடு என் பள்ளிக்கூடமும் முடிந்தது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் ஏவல் வேலை, பிறகு கிராண்ட்பாஸில் ஒரு மர ஆலை, பிறகு வெள்ளவத்தையில் இந்தக் கலாசாலையில் பியோன் வேலை. கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கதவுகளைத் திறப்பது, பலகை துடைப்பது, சோக்கட்டி எடுத்து வைப்பது, தேநீர் கொடுப்பது, பாடத்துக்குப் பாடம் மணி அடிப்பது. மணி என்றால் மாமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. சுத்தியலால் அடித்தால் பெரிய தெருவான காலி வீதி வரை கேட்கும்.

யாரோடும் அதிகம் கதைக்க மாட்டேன். யாராவது கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கலாசாலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பட்டதாரிகள். ஆசிரிய நியமனம் கிடைத்த பிறகு பயிற்சிக்கு வருகிறவர்கள். பள்ளிக்கூடங்களுக்கு அனுப்ப முன்னர், கலாசாலைக்குள்ளேயே ஒவ்வொருவரும் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றப் பயிலுநர்கள்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். மூன்று தடவை நடத்தலாம். மூன்றிலும் சரிவராவிட்டால் நியமனம் போய்விடும்.

நடிப்பவர்கள் பெரியவர்கள் அல்லவா. கேள்வி கேட்டால் எல்லாருக்கும் விடை தெரியும். இல்லாவிட்டால் விளையாட்டுக் காட்டுவார்கள். மாளிகாவத்தையில் இருந்து வந்த இர்ஷாத் என்ற பயிலுநர் எந்தப் பாடத்திலும் நடுவில் எழும்பி, "சேர், ஒண்டுக்குப் போகட்டா?" என்று கேட்பார். போனால் தேநீர் குடித்துவிட்டுத்தான் வருவார்.

இந்தப் பாடங்களைப் பார்த்துப் புள்ளி போடுவது பெரிய மிஸ். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் எல்லாரும் பெரிய மிஸ் என்றே சொன்னோம். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகத் தனியாக இருந்தார். பாடம் தொடங்க முன் கையில் இருந்து மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். பாடம் முடிந்தது என்று அவர் நினைக்கும்போது அதை எடுத்துக் கட்டுவார். நான் வெளியே மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், மிஸ் மணிக்கூட்டை எடுத்தால்தான் பாடம் முடிந்ததாகக் கணக்கு.

ஒருநாள் பலகை துடைத்துவிட்டு வெளியே போகப் போனேன்.

"மரியதாஸ், எத்தனையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"அஞ்சு, மிஸ்."

"அப்ப இரும். கடைசி வாங்கில."

பாடம் எதைப் பற்றியது என்று இப்போது நினைவில்லை. முடிந்ததும் மிஸ் என்னிடம், "விளங்கினதோ, மரியதாஸ்?" என்று கேட்டார். அத்தனை பட்டதாரிகளும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் குனிந்துகொண்டேன்.

"நிலத்தைப் பாத்துச் சொன்னாலும் பரவாயில்லை," என்றார் மிஸ். "உள்ளதைச் சொல்லும்."

"விளங்கல்ல, மிஸ்."

"எவ்விடத்தில விட்டுட்டீர்?"

சொன்னேன். மிஸ் பயிலுநரைப் பார்த்து, "கேட்டீரோ, தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. யாராவது பாடம் நடத்தினால் நான் கடைசி வாங்கில் இருக்க வேண்டும். மிஸ் யன்னல் ஓரமாக, எங்களைப் பார்த்தபடி கதிரையைப் போட்டுக்கொள்வார். பாடம் நடத்துகிறவரை அவர் பார்க்கவே மாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார். முடிந்ததும் அதே கேள்வி. விளங்கியது என்று சொன்னால், "சொல்லும்" என்பார். நான் என் பாட்டில் சொல்வேன். நான் சொல்லும்போது பயிலுநர் வாய் திறக்கக் கூடாது. பிழையாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது. எத்தனையோ பேர் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பயிலுநர்கள் எனக்குப் 'புரொபெசர்' என்று பெயர் வைத்தார்கள். "என்னா புரொபெசர், இண்டைக்கு மூளை எப்படி ஈக்கிது?" என்று இர்ஷாத் தினமும் கேட்பார். பாடம் இருக்கிற அன்று எனக்குத் தேநீரோடு தின்ன ரோல்ஸும் பற்றிஸும் வரும். நான் வாங்கினாலும், விளங்காததை விளங்கியது என்று சொன்னதில்லை. அது தெரிந்தும் வாங்கித் தந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

பாடம் நன்றாக நடந்த நாட்களில் எனக்குள் ஒன்று நடக்கும். நிழல் ஏன் காலையில் நீளமாக இருக்கிறது, பின்னத்தைப் பின்னத்தால் எப்படிப் பிரிக்கிறது, இதெல்லாம் விளங்கின நாளில் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கும். சொல்ல மாட்டேன். கூச்சம். ஆனால் அந்த ஆசையோடு கொட்டாஞ்சேனை வரை போவேன். ஆசிரியராகும் ஆட்களுக்குள் இருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இர்ஷாத்தின் வகுப்பில்தான் யோகநாதன் என்பவரும் இருந்தார். பௌதிகத்தில் நல்ல சித்தி பெற்றவர். சுங்கத்தில் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர் என்று கதைத்தார்கள். முதல் பாடம் ஒளி பற்றி. வகுப்பைப் பார்த்து "பிள்ளைகள்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு பலகைப் பக்கம் திரும்பினவர் திரும்பினவர்தான். முதுகு மட்டும் தெரிந்தது. எழுத்தும் பேச்சும் ஒன்றை ஒன்று துரத்தின.

"விளங்கினதோ, மரியதாஸ்?"

"இல்ல, மிஸ்."

இரண்டாவது பாடமும் அப்படியே போனது. அன்று பின்னேரம் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு யோகநாதன் வந்தார். கோபத்தோடு வருகிறார் என்று நினைத்து நான் கழுவின கிளாஸையே திரும்பக் கழுவினேன்.

"அண்ணை, எவ்விடத்தில விட்டனியள்?"

கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன். "தொடக்கத்திலயே, சேர்."

அவர் சிரித்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குப் பின்னேரத்தில கணக்குச் சொல்லிக் குடுக்கிறனான். ஒவ்வொருவராத்தான் வருவினம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மிச்ச நேரம் சுங்கத்தில இருக்கிறன் எண்டு ஒருநாள் விளங்கிச்சுது. அதோட விட்டுட்டன். அம்மா இன்னும் என்னோட வடிவாக் கதைக்கிறேல்லை. பள்ளிக்கூடத்தில தொடங்கி, ஒரு காலத்தில கம்பஸிலயும் படிப்பிக்க வேணும் எண்டு இருந்தன். இப்ப இந்த ஆறாம் வகுப்பே தாண்டாது போல."

"அந்தப் பிள்ளைகளுக்கு விளங்குதா, சேர்?"

"ஓம். அவையளுக்கு விளங்குது. இஞ்ச இத்தனை முகத்தைக் கண்டவுடன எனக்கு என்னவோ செய்யுது. வாய் தன்ர பாட்டில ஓடுது."

அது எனக்குத் தெரிந்த பயம். எனக்கு அது வாயைக் கட்டிவிடும். அவருக்கு அவிழ்த்து விட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். அவர் எப்படியாவது பாஸ் பண்ண வேண்டும் என்று அன்று முதல் நானும் விரும்பினேன். கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கூட ஏற்றினேன்.

மூன்றாம் பாடத்தன்று காலையில் யோகநாதன் என்னிடம் ஒரு பேசினில் தண்ணீரும், கறிக்குப் பிழிகிற ஒரு தேசிக்காயும், ஒரு கல்லும் கேட்டார். மிதக்கிற பாடம். சில பொருள் ஏன் மிதக்கிறது, சில ஏன் தாழுகிறது. அந்த வருடம் எத்தனையோ பேர் என்னிடம் பேசின் கேட்டிருந்தார்கள். ஏன் எல்லாரும் இதையே எடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை.

இர்ஷாத்திடம் கேட்டேன்.

"தெரியாத மாதிரிக் கேக்கிறீங்களே, புரொபெசர். போன பெச்சில ஈந்தவங்க செல்லிட்டுப் போன. மிதக்கிற பாடம் மரியதாஸ் அண்ணனுக்குத் தண்ணி பட்டபாடு, எவன் நடத்தினாலும் மனுசன் விடை செல்லுவாரு எண்டு. யோகா மாட்டேன் மாட்டேன் எண்டான். நாங்கதான் புடிச்சு ஒத்துக்க வெச்ச. கடைசி சான்ஸ் இல்லியா?"

மத்தியானம் தாண்டி வகுப்பு தொடங்கியது. மிஸ் மணிக்கூட்டைக் குப்புற வைத்தார். யோகநாதன் கல்லைப் போட்டார், தேசிக்காயைப் போட்டார், பலகைக்குத் திரும்பினார். அன்று முன்பை விட வேகம். இர்ஷாத் கூட எழும்பவில்லை. எல்லாரும் பாடம் முடியட்டும், மரியதாஸ் பார்த்துக்கொள்வான் என்று இருந்தார்கள். என் முகத்தை மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விளங்கினதோ, மரியதாஸ்?"

நான் வழக்கம் போலக் கொஞ்சம் பொறுத்தேன். விடை நாக்கின் நுனியில் இருந்தது. நான் அதைச் சொன்னால் யோகநாதன் ஆசிரியர். முன் வாங்கில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகளைப் பார்த்தபோது எங்கேயோ ஒரு பள்ளிக்கூடமும், அங்கே கடைசி வாங்கில் ஒன்றும் விளங்காமல் இருக்கிற ஒரு பிள்ளையும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளையை யாரும் கேட்கப் போவதில்லை.

"மிஸ், இது எனக்கு முன்னமே தெரியும்," என்றேன். "நிறையப் பேர் படிப்பிச்சுட்டாங்க. கேட்டா விடை சொல்லிருவேன். ஆனா இண்டைக்கு சேர் சொன்னதில எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

"அண்ணே," என்றார் இர்ஷாத், மெல்ல.

யோகநாதன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார். "அண்ணை சொல்றது சரி, மிஸ்," என்றார். பலகையை அழிக்கத் துணியை எடுத்தார். அது என் வேலை. நான் எழும்பப் போனேன்.

"இரும், மரியதாஸ்," என்றார் மிஸ். "யோகநாதன், துணியை வையும். பாடம் முடியேல்லை. மணிக்கூடு இன்னும் குப்புறத்தான் கிடக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உமக்குத் தெரியாதது ஒண்டை இவரிட்டக் கேளும். பாடப் புத்தகத்தில இல்லாட்டியும் பரவாயில்லை."

எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருந்தது. வந்தது ஒன்றுதான். யாரிடமும் கேட்டிராத ஒன்று.

"என் காது ஏன் மந்தம், சேர்?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். யோகநாதன் பலகையை விட்டு விலகி வந்தார். வாங்குகளுக்கு நடுவால் வந்து எனக்கு முன் வாங்கில் திரும்பி உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இப்போது ஒரு முகம்தான்.

"ஆர் சொன்னது மந்தம் எண்டு?"

"சின்ன வயசில ஹாபர் மதில் கிட்ட நிண்டு பாப்பேன், சேர். கப்பல்ல தொங்கிக்கிட்டுத் துருத் தட்டுவாங்க. சுத்தியல் விழுந்து கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குச் சத்தம் கேக்கும். வாத்தியாரிட்டச் சொன்னேன். அவர் 'உன் காது மந்தம்டா' எண்டார். பசங்க பேரே வெச்சிட்டாங்க. அதுதான் யாராவது பேசினா, முழுசும் வந்து சேரட்டும் எண்டு கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்றது."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை.

அவசரப்படாத யோகநாதனை அன்றுதான் கண்டோம். "மின்னல் முதல் தெரியும், இடி பிறகுதானே கேக்கும்?" என்றார்.

"அது எல்லாருக்கும் அப்பிடித்தானே, சேர். சுத்தியல் எனக்கு மட்டும்."

"நீங்கள் மணி அடிக்கேக்க?"

"அப்போ உடனே கேக்கும்."

"மணி அடிக்கேக்க மட்டும் காது ஏன் சரியாகுது?"

அதை நான் யோசித்ததில்லை. யோகநாதன் இர்ஷாத்தைக் கூப்பிட்டு மாமரத்தில் இருந்து தண்டவாளத் துண்டை அவிழ்க்கச் சொன்னார்.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வகுப்பு முழுவதும் அங்கே போனோம். மிஸ்ஸும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இர்ஷாத்தும் இன்னொருவரும் துண்டை ஒரு தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு மைதானத்தின் அடுத்த தொங்கலுக்கு, மறு கோடிக்குப் போனார்கள். அங்கே போனதும் சிறிய ஆட்களாகிவிட்டார்கள்.

"எல்லாரும் அவையளைப் பாத்து நில்லுங்கோ," என்றார் யோகநாதன். "சத்தம் காதில விழுந்தவுடன கையை உயர்த்துங்கோ. சுத்தியலைப் பாத்து உயர்த்தாதேங்கோ, கேட்டாப் பிறகு. அண்ணை, நீங்கள் வழமை போலக் கடைசியில நில்லுங்கோ. அங்க நிண்டாத்தான் எல்லாம் தெரியும்."

நான் பின்னால் நின்றேன். இர்ஷாத் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினார். சுத்தியல் விழுந்தது.

ஒருவரும் கையை உயர்த்தவில்லை.

பிறகுதான் சத்தம் வந்தது. வந்ததும் அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்தன. என் கையும் அதோடுதான் உயர்ந்தது. பட்டதாரிகளின் கைகள். மிஸ்ஸின் கை. மணிக்கூடு கட்டுகிற இடத்தில் அவர் மணிக்கட்டு வெளுத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இன்னொருக்கா," என்றேன். நான்தான் சொன்னேன். இன்னொரு தடவையும் அப்படியே. இன்னொரு தடவையும். பிறகு யோகநாதன் எங்களை இர்ஷாத் நிற்கும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்தார். நடக்க நடக்கச் சத்தம் சுத்தியலுக்குக் கிட்டக் கிட்ட வந்தது. இர்ஷாத்துக்குப் பக்கத்தில் போனபோது இரண்டும் ஒன்றாகிவிட்டது.

"யாற்ர காது மந்தம், அண்ணை?"

"ஒருத்தருக்கும் இல்ல, சேர். சத்தம் அங்க இருந்து வரணும். வாறதுக்கு நேரம் எடுக்குது."

"என்னா, முடிஞ்சிச்சா? கை வலிக்கிது," என்றார் இர்ஷாத். "புரொபெசருக்குக் காது சரியாகிட்டா?"

"விளங்கினதோ, மரியதாஸ்?" என்று கேட்டார் மிஸ்.

"விளங்கினது, மிஸ்," என்றேன். பொறுக்காமல் சொன்னேன். உடனே சொன்னேன். மிஸ் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். அறைக்குத் திரும்பிப் போய் மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டினார். யோகநாதனைப் பார்த்து, "பலகைக்குப் பாடம் எடுக்கிறதை இண்டையோட விடும்," என்றார். அதுதான் அவர் பாஸ் என்பதற்கான அறிவிப்பு.

அதற்குப் பிறகு மிஸ் மிதக்கிற பாடத்தை நிறுத்திவிட்டார். பாடம் நடத்த இருக்கிறவர் முதலில் என்னிடம் வந்து எனக்கு என்ன தெரியாது என்று கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ரோல்ஸ் நிற்கவில்லை. யோகநாதன் சில வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிறகு அவர் ஆசைப்பட்டபடி கம்பஸுக்கும் போனார். பெரிய மண்டபத்தில் படிப்பிக்கும்போது இப்போதும் கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த முகத்துக்குத்தான் கதைப்பதாக என்னிடம் சொன்னார். கமரா பூட்டி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் எனக்குச் சொல்ல இருப்பதும் இதுதான். கமரா இருக்கட்டும். அதற்குக் கீழே யாரையாவது இருத்துங்கள்.

யோகநாதன் பாஸ் பண்ணின அன்று பின்னேரம், நான் வழக்கமாக இறங்கும் இடத்துக்கு முன்னுக்கே பஸ்ஸில் இருந்து இறங்கி ஹாபர் மதில் பக்கமாக நடந்தேன். கப்பலில் யாரும் துருத் தட்டவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி ரோசலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாணம் பேசும்போதே என் காது மந்தம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன், பிறகு குறை சொல்லக் கூடாது என்று. கலியாணம் ஆன நாள் முதல் அவள் என்னோடு உரத்துத்தான் கதைப்பாள். நாங்கள் தோட்டம் என்று சொல்லும் எங்கள் குடியிருப்பில் வீடுகள் சுவரோடு சுவர். எங்கள் வீட்டில் என்ன கறி என்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்போ இவ்வளவு காலமா நான் கத்தினது?" என்றாள்.

"நான் சொல்லித்தானே கத்தின."

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து, "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் வந்தது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"கேட்டிச்சா?" என்று கேட்டாள், அதே குரலில்.

"கேட்டது."

பிறகு அவள் இன்னும் ஒன்று சொன்னாள். அது பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. மலரிலும் எழுத மாட்டேன்.